பக்கத்து வீட்டு வில்லும் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவும்



மகள் வீட்டுக்கு மிச்சிகன் வந்து மூன்று மாதம் ஆகிறது. "சார், நயாகரா போட்டோ போடுங்க" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். நயாகரா போனோம், நனைந்தோம், திரும்பினோம். அதைப் பற்றி எழுத எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு கார் ஷெட்டில் ஒரு மாதமாக நடந்ததைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த மாநிலத்தில் வில் அம்பு கொண்டு மான் வேட்டையாடும் பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அனுமதிச் சீட்டு வாங்கி, சட்டப்படி செய்கிற வேட்டை. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் 1934ஆம் ஆண்டு இரண்டே இரண்டு மாவட்டங்களில் வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கினார்கள். இந்தக் கால வில் வேட்டைப் பருவங்களுக்கு அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். எனக்கு வேட்டையில் ஈடுபாடு கிடையாது. என் மனைவிக்கோ மான் என்ற பேச்சை எடுத்தாலே முகம் வாடிவிடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். வயது அறுபத்தைந்து இருக்கும். எங்கள் குப்பைத் தொட்டியையும் சேர்த்துத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போய் வைப்பவர்.

ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் அவர் வீட்டுக் கொல்லையில் 'தொப்' 'தொப்' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். 90 அடி தூரத்தில் ஒரு பஞ்சு மூட்டை. அதன் நடுவில் தேங்காய் மூடி அளவு வட்டத்துக்குள் ஆறு அம்புகள் குத்தி நின்றன. நான் கை தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆறையும் பிடுங்கி, மொட்டை முனைகளைக் கழற்றிவிட்டு, வேட்டைக்குரிய பிளேடு வைத்த முனைகளைத் திருகி மறுபடி எய்தார். எல்லாம் அரைச் சாண் இடப்பக்கம் விலகிப் போய்க் குத்தின. அதே வில், அதே அம்பு, அதே ஆள்.

"அரைச் சாண்தானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை அம்பு. நுரையீரலைத் துளைத்தால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். அரைச் சாண் தள்ளிப் பட்டால் அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடிவிடும். எங்கோ புதரில் படுத்து நாள்கணக்கில் கிடந்து சாகும். "பல வருடங்களுக்கு முன் ஒருமுறை எனக்கு அப்படி நடந்தது. இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. இந்த முனை சரியாகப் போகும்வரை நான் காட்டுக்குப் போகமாட்டேன்" என்றார்.

அன்று முதல் அந்த ஷெட்டில் எனக்கு ஒரு ஸ்டூல் நிரந்தரமாயிற்று.

அவருடைய வில் நம் கோயில் சிற்பங்களில் இருக்கிற வில் அல்ல. இரண்டு முனையிலும் கப்பி வைத்த வில். மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கிணற்றடியில் கப்பி இருந்தால் குடம் இழுப்பது எளிது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இந்த வில்லின் கப்பி இன்னும் ஒரு படி மேலே. அது வட்டமாக இல்லாமல் கோணலாக இருக்கும். ஆகையால் நாணை இழுக்கும்போது பாதி வழியில் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ கனம் இருக்கும். முழுக்க இழுத்துவிட்டால் கனம் சட்டென்று இறங்கி 14 பவுண்டில் நிற்கும். நின்று நிதானமாகக் குறி பார்க்கலாம்.

ஆனால் வசதி கூடினால் கோளாறு வரும் இடமும் கூடும். மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் ஒரே நேரத்தில் சுழல வேண்டும். நாண் நீண்டுவிடக் கூடாது. நாணுக்குள் பதித்த பார்வைத் துளை திரும்பிவிடக் கூடாது. அம்பு தாங்கி மயிரிழை நகரக் கூடாது. அம்பின் இறகு எங்கும் உரசக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. எல்லாத் திருகுக்கும் ஆலன் கீ. (வில்லைக் கண்டுபிடித்த ஆலன் வேறு, சாவியின் ஆலன் வேறு. பரீட்சையில் குழப்பிவிடாதீர்கள்.)

முதல் வாரம் அவர் ஒரு மரச்சட்டத்தில் காகிதத்தை விறைப்பாக ஒட்டி, ஆறடி தூரத்திலிருந்து அதைத் துளைத்து எய்து பார்த்தார். அம்பு நேராகப் போனால் சின்ன ஓட்டையும் இறகின் கீறலும் மட்டும் தெரியும். கோணலாகப் போனால் காகிதம் பக்கவாட்டில் கிழியும். கிழிசல் எந்தப் பக்கம் என்று பார்த்து அம்பு தாங்கியை நகர்த்துவார்கள். நகர்த்தினார். கிழிசல் சரியானது. மறுநாள் மறுபடி கோணல். இறகு உரசுகிறதோ என்று மனைவியின் உதட்டுச் சாயத்தை வாங்கி அம்பு தாங்கியில் பூசினார். இறகில் சிவப்பு ஒட்டவில்லை. அந்த அம்மையாரின் முகம்தான் சிவந்தது. கடைக்காரர் நாண் பழசு என்றார்; புது நாண் போட்டார். புது நாண் இழுபட இழுபடக் கொஞ்சம் நீளும். பார்வைத் துளை திரும்பிக்கொண்டது. நண்பர் ஒருவர் அம்பின் விறைப்பு போதாது என்றார். விறைப்பான அம்பு ஒரு டஜன் வந்து இறங்கியது.

இந்த விறைப்பு விஷயம் எனக்குப் புதிது. நாணிலிருந்து விடுபட்ட அம்பு கம்பி மாதிரி நேராகப் போவதில்லை. மீன் நீந்துவது போல இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்துதான் போகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் 1930களில் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்துக் காட்டினார். அம்பு மிக விறைப்பாக இருந்தாலும் தப்பு, மிக நெகிழ்வாக இருந்தாலும் தப்பு. வில்லின் பலத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் நண்பர் சொன்னது முழுப் பொய் அல்ல. இங்கே அது காரணம் இல்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் பாதியில் நிலைமை என்ன? நாண் புதிது, அம்பு புதிது, தாங்கி இடம் மாறியிருந்தது, பார்வைத் துளை இடம் மாறியிருந்தது. பிளேடு முனை மட்டும் இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவர் ஆலன் கீயை மேசைமேல் எறிந்துவிட்டு, "இப்போது எது சரி, எது தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை" என்றார்.

அந்த ஆத்திரம் மிகப் பழைய ஆத்திரம். வில்லின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் பாதி வெற்றிக் கதை, மீதிப் பாதி கோளாறு பார்த்த கதை. 1346இல் பிரான்சில் கிரேசி என்ற ஊரில் நடந்த போரை ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். போருக்கு முன் பெருமழை. பிரெஞ்சுத் தரப்பில் இருந்த ஜெனோவா நகரத்துக் குறுக்குவில் வீரர்களின் நாண்கள் நனைந்து கெட்டன. ஆங்கிலேய வில்லாளிகள் நாணைக் கழற்றித் தலைக்கவசத்துக்கு அடியில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று ஒரு பிரெஞ்சு நாளாகமம் சொல்கிறது. போரின் முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நாண் என்பது எவ்வளவு பெரிய கவலை என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

அடுத்தது இஷியின் கதை. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே பசியோடு வந்து நின்ற மனிதர். யாஹி என்ற பழங்குடியில் வெளியுலகம் அறிய எஞ்சியிருந்த கடைசி ஆள். அவருடைய மக்களைக் குடியேறிகள் வேட்டையாடிக் கொன்று தீர்த்திருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு வைத்தியம் பார்த்தார். அவரிடமே வில் வித்தையும் கற்றுக்கொண்டார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். போப் எழுதி வைத்த குறிப்புகளில் இஷியின் வில் விதிகள் இருக்கின்றன. நாண் ஏற்றியபடியே விட்டாலோ நிமிர்த்தி வைத்தாலோ வில் களைத்துப் போகும், வியர்க்கும். படுக்க வைக்க வேண்டும். யாரும் அதைத் தாண்டக் கூடாது, பிள்ளைகள் தொடக் கூடாது. மீறினால் அம்பு கோணலாகப் போகும். அப்போது வில்லை மணலும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும்.

இதை மருமகனின் உதவியோடு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். "வில் களைக்குமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் தாண்டாதே, கலப்பையை மிதிக்காதே என்று சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். ஒரு கருவி ஏன் கெட்டது என்று தெரியாதபோது மனிதன் விதிகள் செய்துகொள்கிறான். அவற்றில் சில வெறும் நம்பிக்கை. சில நல்ல பராமரிப்பு. நாண் ஏற்றி வைத்த மரவில் உண்மையிலேயே பலம் இழக்கும்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "இதுவரை எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?" இல்லை. வரலாற்று வாத்தியாருக்கு வில் தெரியாது. ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று கேட்கத் தெரியும். பேத்தியின் நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன். எல்லாத் திருகையும் பழைய குறிக்குக் கொண்டுவருவது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம். எத்தனையாவது அம்பு எங்கே குத்தியது என்று வரிசையாக எழுதுவது. முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் மாலை நோட்டைப் புரட்டினோம். எந்தத் திருகை மாற்றினாலும் கணக்கு மாறவில்லை. மாறியது வரிசைதான். முதல் ஆறு அம்பும் நடுவில்; ஏழாவது, எட்டாவதிலிருந்து இடப்பக்கம். அவர் எப்போதும் முதலில் மொட்டை முனையை எய்வார், பிறகுதான் பிளேடு முனை. "நாளைக்குப் பிளேடு முனையை முதலில் எய்யுங்கள்" என்றேன். மறுநாள் காலை பிளேடு முனைகள் மூன்றும் நடுவில் போய்க் குத்தின. பத்து அம்புக்குப் பிறகு மொட்டை முனை இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. பிளேடு காற்றைப் பிடிப்பதால் அது சிறு பிழையையும் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. பிழை அதில் இல்லை.

பேத்தி கைபேசியில் மெதுவாக ஓடும் படம் எடுத்தாள். முதல் அம்பில் அவர் இடது கை வில்லைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒன்பதாவது அம்பில் விரல்கள் பிடியை இறுக்கிக் கவ்வியிருந்தன. விடும் நொடியில் வில் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டது. அவர் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார். பிறகு வலது தோளைத் தடவிக்கொண்டு, "போன குளிர்காலத்திலிருந்து வலி" என்றார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். 70 பவுண்டு அவர் நாற்பது வயதில் இழுத்த கனம். அதைக் குறைத்தால் கிழவன் ஆகிவிட்டதாக அர்த்தம் என்று நினைத்திருக்கிறார். தோள் தளரத் தளர, தளர்வை மறைக்கக் கை இறுகியிருக்கிறது.

வில் களைக்கவில்லை. இஷியின் விதியில் ஆள் மட்டும் மாறியிருந்தார்.

அப்போது அவருக்கு 1545ஆம் வருடத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 1982இல் அதை மேலே தூக்கினார்கள். 137 முழு வில்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த வில்களில் பெரும்பாலானவற்றை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் பலம் வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். கூடவே கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டையின் முனை எலும்பு ஒட்டாமலே இருந்தது. சிறு வயதிலிருந்து வில் இழுத்ததன் அடையாளமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதாவது வில் மனிதனின் உடம்பில் எழுதிவிட்டுப் போகிறது. ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார் 1549இல் அரசன் முன் பேசிய பிரசங்கத்தில், வயதும் பலமும் கூடக்கூடத் தன் தகப்பனார் தனக்குப் பெரிய பெரிய வில்லாக வாங்கித் தந்ததை நினைவுகூர்கிறார். "கூடும்போது கூட்டலாம் என்றால், குறையும்போது குறைப்பதில் என்ன வெட்கம்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பெரிய திருகுகளைத் தளர்த்தி 60 பவுண்டுக்கு இறக்கினார். கனம் மாறியதால் தாங்கியை மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருந்தது. ஆகவே நேற்று, அக்டோபர் 1 அன்று, அவர் காட்டுக்குப் போகவில்லை. பல வருடங்களில் இதுதான் முதல் முறை என்றார் அவர் மனைவி.

இனி எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1545இல் இன்னொன்றும் நடந்தது. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ரோஜர் ஆஸ்கம் 'டாக்ஸஃபிலஸ்' என்ற நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் வில் வித்தைக்கென்று அச்சான முதல் நூல்களில் தலையானது. நாண், வில், அம்பு என்று ஒவ்வொன்றாகக் கோளாறு சொல்லிவிட்டு, எய்பவனிடம் வருகிறார். எய்யும்போது மனிதர்கள் செய்யும் கோணங்கிகளைப் பட்டியலே போடுகிறார். பின்னாளில் எலிசபெத் அரசிக்கு, அவர் இளவரசியாக இருந்தபோது ஆசானாக இருந்தவர். 1563இல் விண்ட்சரில் ஒரு விருந்தின்போது, அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடிய மாணவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் அவர் எழுதிய 'ஸ்கூல்மாஸ்டர்' என்ற நூல். 1570இல், அவர் இறந்த பிறகு அச்சானது. பிள்ளைகளை அடித்துப் படிக்க வைக்காதே என்று வாதாடும் நூல். ஆசிரியர் பயிற்சியில் அவர் பெயரைப் படித்தேன், மதிப்பெண் வாங்கினேன். கடைப்பிடிக்கவில்லை.

1994-95 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அந்த வருடம் காலாண்டில் வரலாற்றில் வகுப்பே சரிந்தது. நான் இடங்களை மாற்றினேன், தினமும் தேர்வு வைத்தேன், பெற்றோரை வரவழைத்தேன், பிரம்பையும் எடுத்தேன். எல்லாம் ஒரே வாரத்தில். அரையாண்டில் இன்னும் மோசம். பிறகு மூத்த ஆசிரியை ஒருவர் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், உங்க குரல் மூணாவது வரிசையைத் தாண்டலை. நீங்க போர்டைப் பார்த்தே பேசறீங்க." அந்த வருடம் எனக்குத் தொண்டையில் கட்டி. வலி. யாருக்கும் சொல்லவில்லை. வாத்தியாருக்குக் குரல் போய்விட்டது என்று பேர் வந்துவிடுமே என்ற பயம். வலியை மறைக்கத்தான் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன் வரிசைப் பிள்ளைகள் மட்டும் தேறியது ஏன் என்று மதிப்பெண் ஏட்டைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

பின் பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். அரையாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று அவனை எல்லார் முன்னாலும் அடித்தேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீட்டு நிலைமையும் காரணம் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியே இத்தனை வருடம் தப்பித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மானை இரண்டு நாள் தேடியிருக்கிறார். நான் அவன் ஊருக்கு ஒரு பஸ் ஏறவில்லை.

'ஆ' பிரிவில் படித்தவர்களே, உங்கள் காதில் விழாத பாடத்துக்காக உங்களை அடித்தேன். மன்னித்துவிடுங்கள். அந்தப் பையன் யாரென்று உங்களுக்குத் தெரியும். பேரை இங்கே எழுத வேண்டாம். அவன் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். டிசம்பரில் ஊர் திரும்புகிறேன். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பு சரிந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முதல் வரியில் உங்கள் பேரை எழுதுங்கள்.

பக்கத்தில் 'தொப்' சத்தம் கேட்கிறது. மூன்று அம்புதான் எய்கிறார், பிறகு கொஞ்ச நேரம் உட்காருகிறார். என் மனைவி மானுக்காக இன்னும் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்